நடமாடும் வீட்டை ஏலத்தில் எடுப்பது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார்ஹோம் என்று வழங்கும் வண்டி ஒரே சமயத்தில் வாகனமும் வீடுமாக இருப்பது. ஓட்டுநரின் ஆசனத்துக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் ஸ்நான அறையும் தண்ணீர்த் தொட்டியும், மின்சாரத்துக்கென்று ஒரு ஜெனரேட்டரும் அமைந்து, குடும்பத்தோடு மாதக்கணக்கில் தேசசஞ்சாரம் செய்ய இடம் கொடுப்பது. புதிதாக வாங்கப் போனால் பெரிய ரகத்தின் விலை லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் இப்படி ஒரு யாத்திரை போய்வர வேண்டும் என்று வெகுகாலமாக ஆசையை வளர்த்து வந்த நடுத்தர வர்க்கத்தார் பழைய வண்டியையே நாடுகிறார்கள். அவர்களிலும் ஒரு பகுதியார், வியாபாரியின் லாபத்தையாவது மிச்சப்படுத்தலாமே என்ற எண்ணத்தில், இணையத்தில் நடக்கும் ஏலங்களுக்கு வந்து சேர்கிறார்கள்.

சரக்குக்குப் பஞ்சமில்லை. கொரோனாக் காலத்தில் விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் அஞ்சியவர்கள் இவ்வண்டிகளின் பக்கம் திரும்பியதன் பயனாக, 2021-ஆம் ஆண்டில், காரின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர்களையும் சேர்த்து, 6,00,000-க்குச் சற்று அதிகமானவை தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வந்தன. 2023-இல் அத்தொகை ஏறக்குறைய 3,13,000-ஆகச் சுருங்கிவிட்டது. ஆசை தணிந்தவர்கள், தவணை கட்ட இயலாதவர்கள், வீட்டு வாசலில் நிறுத்த இடமில்லாதவர்கள் என்று பலவகைப்பட்டவர்களின் வண்டிகள் இன்று கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஏலம் என்றால் நமக்கு "ஒரு தரம், இரண்டு தரம்" என்ற குரல்தான் நினைவுக்கு வரும். இணைய ஏலத்தில் குரல் இல்லை, கடிகாரம்தான் உண்டு. ஆனால் வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது கடிகாரத்தையல்ல, விற்பவர் யார், எதற்காக விற்கிறார் என்பதையே. 1982-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த காப்பார்ட் போன்ற ஸ்தாபனங்களில் ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும், விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைகழுவிய வண்டிகள். கவ்டீல்ஸ் என்ற தளத்திலோ, நகரசபைகளும் கல்வி மாவட்டங்களும் தங்களுக்கு வேண்டாதவற்றை விற்கின்றன. அங்கே கிடைக்கும் பழைய நடமாடும் நூலக வண்டியோ மருத்துவ வண்டியோ அழகில் குறைந்திருந்தாலும், முறையாகப் பராமரித்த கணக்குப் புத்தகம் அதோடு கூடவே வரக்கூடும் என்பது ஓர் அநுகூலம். பிரிங் எ டிரெய்லர் போன்றவை ரசிகர்களின் சபை. 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்த, முன்சக்கரங்களால் இயங்கும் அந்தத் தாழ்ந்த மேனியுள்ள ஜி.எம்.சி. மோட்டார்ஹோமுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை, அதை ஓட்டிப் பார்த்தவர்களைவிடப் படத்தில் பார்த்தவர்களாலேயே அதிகம் ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஈபேயில் சகலமும் உண்டு, நல்லதும் உண்டு.

எங்கே வாங்கினாலும் பொதுவாக ஒரு நிபந்தனை மாறாமல் இருக்கும்: நம் ஊர் வங்கிகளின் ஏல விளம்பரங்களில் காண்பது போல, உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டு, சட்டம் எப்படியும் நம்மைக் காப்பாற்றும் என்று ஆறுதல் அடைகிறவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பழைய கார் வாங்குவோரின் நலத்துக்காக அந்நாட்டில் ஏற்பட்ட விதிகள் காருக்காக ஏற்பட்டவை. காரைவிடக் கனத்த ஒன்று வந்து நின்றால் அவை ஒதுங்கி வழிவிட்டுவிடுகின்றன. உத்தரவாதம் உண்டா, இல்லையா என்பதை அச்சிட்ட தாளில் எழுதி ஒவ்வொரு பழைய காரின் ஜன்னலிலும் வியாபாரி ஒட்டவேண்டும் என்று மத்திய வர்த்தக கமிஷன் 1985-இல் அமலுக்குக் கொண்டுவந்த விதி, சுமையோடு கூடிய மொத்த எடைத்தகுதி 8,500 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளோடு நின்றுவிடுகிறது. வண்டி ஓடிய தூரத்தை விற்பவர் கையெழுத்திட்டுச் சொல்லவேண்டும் என்ற மற்றொரு மத்திய விதியோ, 16,000 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. போர்டு கம்பெனியின் எஃப்-53 அடிச்சட்டத்தின்மேல் கட்டப்படும் பெரிய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டியவை. ஆகவே ஏலப் படத்தில் மீட்டர் 22,000 மைல் என்று காட்டலாம். உரிமைப் பத்திரத்தில் அந்த எண்ணுக்கு எதிரே விலக்கு என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். எண்ணுக்கு ஜவாப்தாரி எவரும் இல்லை. ஆறாயிரம் டாலருக்குச் சின்னக் கார் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, அறுபதாயிரம் டாலருக்கு மோட்டார்ஹோம் வாங்குபவருக்கு இல்லை என்பது விசித்திரமான நியாயம்தான். இந்த நியாயத்தின் நிழலிலேதான் ஏலத்தின் மலிவு விலை பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். சோதித்துப் பார்ப்பதற்கு ஆகவேண்டிய செலவையும் சிரமத்தையும் விற்பவர் வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு ஈடாக விலையைச் சிறிது குறைத்துக்கொள்கிறார்.

சோதிக்க வேண்டியவற்றில் தலையானது என்ஜின் அல்ல, தண்ணீர். வாகனம் என்ற முறையில் இவ்வண்டிகள் சாதாரணமாக உறுதியானவை. வீடு என்ற முறையில்தான் நோயாளிகள். சுவர் என்று நாம் காண்பது பல வண்டிகளில் மெல்லிய கண்ணாடியிழைத் தகடும், அதன் பின்னே ஒட்டுப்பலகையும், அதன் பின்னே நுரைப்பலகையுமாகப் பசையால் இணைத்த அடுக்கு. கூரையோ ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பைத் துளைத்துக்கொண்டு காற்றுப்போக்கிகளும் குளிர்சாதனமும் ஏணியும் நிற்கின்றன. ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பூசிய மெழுகு போன்ற அடைப்பு வெயிலில் காய்ந்து வெடித்ததும், சொட்டு நீர் உள்ளே இறங்கி, பலகையை ஊறவைத்து, பசையைக் கழற்றி, வெளித்தகட்டை மெல்ல உப்பவைக்கிறது. நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படத்தில் இந்த உப்பல் தெரியவே தெரியாது. சுவரின் நீளவாட்டத்தில், ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்து எடுத்த படத்தில், சுவரில் பிரதிபலிக்கும் மரமோ மின்கம்பமோ நேராக இல்லாமல் நெளிந்து தெரிந்தால் விஷயம் முடிந்தது. இந்தக் கோணத்தில் ஒரு படம் கேட்டு விற்பவருக்கு எழுதினால், சிலர் அனுப்புவார்கள். சிலர் மௌனம் சாதிப்பார்கள். மௌனமும் ஒரு பதில்தான்.

ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கையைத் தூக்கி வைத்துக் கட்டிய நடுத்தர ரகத்தில், அந்தப் படுக்கையின் முன்மூலைகள்தான் முதலில் ஊறும். மெத்தையைத் தூக்கிப் பலகையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். குளியலறை வாசலில் தரை பாதத்தின் கீழ் மெத்தென்று அமிழுகிறதா, கூரைத் துவாரத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறதா, அலமாரியைத் திறந்தால் பூஞ்சை நாற்றம் அடிக்கிறதா என்பவையெல்லாம் காலும் கண்ணும் மூக்கும் சொல்லவேண்டிய சாட்சியங்கள். எத்தனை படங்கள் இருந்தாலும் இணையத்தின் வழியே நாற்றம் வராது. புதிதாக வர்ணம் அடித்த கூரை மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வது போல, டயரைக் குனிந்து பார்த்தால் அதன் பிறந்த தேதி தெரிந்துவிடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு ஆரம்பிக்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த டயர்கள் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்தில் நின்றே கிழடு தட்டிச் சாவதுதான் அதிகம். பள்ளம் ஆழமாக இருக்கிறது, இன்னும் வெகுதூரம் ஓடும் என்று விளம்பரம் சொல்லும்போது, பத்து வயதான டயர் நெடுஞ்சாலையில் வெடித்து, சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும் குழாய்களையும் கிழித்துவிடும் சங்கதியை அது சொல்வதில்லை. ஜெனரேட்டர் விஷயமும் இப்படியே. மிகக் குறைந்த மணிநேரமே ஓடியது என்பது ஒரு சிறப்பாகத் தோன்றலாம். மாதம் ஒரு தடவையாவது சுமையேற்றி ஓட்டாத பெட்ரோல் ஜெனரேட்டரில் எரிபொருள் கெட்டிப்பட்டு கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும் என்பதே வாஸ்தவம்.

பத்திரத்தில் எழுதிய எச்சரிக்கை பொருளைப் பின்தொடர்ந்து போகும் என்று நம்புகிறவர்கள், மோட்டார்ஹோமின் பங்காளிகளான டிரெய்லர்களின் கதையை அறிந்திருப்பது நலம். 2005-இல் கத்ரீனாப் புயல் அடித்து லூசியானாவிலும் மிஸ்ஸிஸிப்பியிலும் வீடிழந்தவர்களுக்காக, பெமா என்ற மத்திய நிவாரண ஸ்தாபனம் ஏறக்குறைய 1,45,000 டிரெய்லர்களையும் தகர வீடுகளையும் வாங்கியது. குடியேறியவர்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கண்டன. 519 வண்டிகளின் காற்றைச் சோதித்த நோய்த் தடுப்பு மையம், பலகைகளின் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு வாயு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருப்பதாக 2008-இல் அறிவித்தது. அதன் பின்பும், 2010-இல், அரசாங்கம் லட்சத்துக்கு மேற்பட்டவற்றை இணைய ஏலத்தில் விற்றது. குடியிருக்க உபயோகிக்கலாகாது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியும், வாங்கியவர்களிடம் அவ்வாறே எழுதி வாங்கியும்தான் விற்றது. அதே ஆண்டில், மெக்ஸிகோ வளைகுடாவில் கசிந்த எண்ணெயை அகற்ற வந்த கூலியாட்கள் அந்த டிரெய்லர்களிலேயே தூங்கிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைக்காரர்கள் கண்டார்கள். முதல் ஏலதாரர் கையெழுத்திட்டார். அவரிடம் வாங்கியவர் எதிலும் கையெழுத்திடவில்லை. சீட்டைக் கிழிப்பதற்கு நகம் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்ற குறிப்பையும் இவ்வாறே ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பதிவை மாற்றிக் கழுவிவிடுவதுண்டு. இதைத் தடுக்கவே 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் நாடு தழுவிய உரிமைப் பதிவேடு ஒன்று ஏற்பட்டு, 2009 முதல் பொதுமக்களும் சில டாலர் கொடுத்து அதைப் பார்க்கலாம் என்றாயிற்று. பார்க்காமல் ஏலம் கேட்பது மதியீனம். பார்த்ததோடு திருப்தியடைவதும் அப்படியே, ஏனெனில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் சொந்தக்காரரே துடைத்து உலர்த்தி விற்ற வண்டி எந்தப் பதிவேட்டிலும் இராது. அடிச்சட்டத்தைச் செய்தவர் ஒருவர், மேலே வீட்டைக் கட்டியவர் வேறொருவர் ஆகையால், ஒரே வண்டிக்கு இரண்டு வயது இருப்பதும் சகஜம். கம்பெனிகள் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்த வண்டியா என்று விசாரிக்கும்போது இரு தயாரிப்பாளர்களிடமும் விசாரிக்கவேண்டும். உரிமையாளர் பெயருக்குப் பதிலாக மான்டானா மாநிலத்துக் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தால் திடுக்கிட வேண்டாம். விற்பனை வரியே இல்லாத அந்த மாநிலத்தில் பெயருக்கு ஒரு கம்பெனியைப் பதிவு செய்து வரியைத் தவிர்ப்பது பணக்காரர்களின் பழைய யுக்தி.

இனி, விலை கேட்பது. ஈபேயில் முடிவுநேரம் நிலையானது. அதனால் கடைசி விநாடிகளில் ஏலக் கேள்விகள் மொய்க்கின்றன என்பதை ராத், ஓக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2002-இல் ஆராய்ந்து காட்டினார்கள். பிரிங் எ டிரெய்லரில் கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் எவர் கேட்டாலும் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிஷத்துக்கு நீளும். பதுங்கிப் பாய்வதற்கு அங்கே இடமில்லை. இதைவிட ஆழமான ஆபத்தை, மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்டு வந்த கம்பெனி ஒன்றின் மூன்று பொறியியலாளர்கள் 1971-இல் எழுதிவைத்தார்கள்: பொருளின் உண்மை மதிப்பு எவருக்கும் தெரியாதபோது, எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டுத் தவறியவரே ஏலத்தில் ஜயிக்கிறார். மோட்டார்ஹோமை நேரில் பார்க்காமல் கேட்பவர்களுள் ஜயிப்பவரும் பெரும்பாலும், ஊறிய மூலையைப் பற்றி எல்லோரையும்விடக் குறைவாகச் சந்தேகப்பட்டவராகத்தான் இருப்பார்.

ஆகையால் கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும். உதாரணமாக, 20,000 டாலருக்கு மேல் ஒரு காசு செலவழிக்க இயலாதவர், ஏலக்கூடத்தின் கட்டணத்துக்கு (சில இடங்களில் நூற்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் போகும்) 1,500, வரிக்கும் பதிவுக்கும் 1,000, ஆறு டயர்களுக்கு 2,500, கொண்டுவருவதற்கு 1,000, தெரியாத பழுதுகளுக்கு 3,000 என்று கழித்துவிட்டால், அவர் கேட்கக்கூடிய உச்சவிலை 11,000 என்று ஏற்படும். இந்த எண்ணை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதிவைக்கவேண்டும். இவ்வண்டிகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட பரிசோதகர் ஒருவரை வண்டி நிற்கும் ஊரிலேயே அமர்த்தி, ஈரம் அளக்கும் கருவியோடு அனுப்புவது சில நூறு டாலர் விஷயம். பரிசோதகரை உள்ளே விடமாட்டேன் என்கிற விற்பனையாளரையும், வெளிநாட்டுக்குப் புறப்படும் சிப்பாய் என்று சொல்லிக்கொண்டு பணத்தை வேறொரு இணையதளத்தில் கட்டச்சொல்கிறவரையும் அத்துடன் விட்டுவிடலாம்.

ஜயித்த பின் அவகாசம் சொற்பம். சில நாளைக்குள் பணம் கட்டி, அதற்குப் பின் சில நாளைக்குள் வண்டியை எடுக்காவிட்டால் நாள்வாடகை ஏறும். இன்ஷூரன்ஸையும் தற்காலிகப் பதிவையும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொண்டு, வண்டி நிற்கும் முற்றத்துக்கே டயர் மாற்றும் ஆளை வரவழைத்து, பிரேக் திரவத்தையும் பெல்ட்டுகளையும் பார்த்து, காஸ் வால்வை மூடி, முதல் ஐம்பது மைலை நெடுஞ்சாலையில் ஏறாமல் உள்ளூர்ச் சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பது உத்தமம். வழியில் நின்றுவிட்டால் சாதாரண இழுவை வண்டி இதைத் தூக்காது; கனரக லாரிகளை இழுப்பவர்தான் வரவேண்டும்; அவர் கட்டணத்துக்கு ஏலம் கிடையாது.