சிவப்புத் தட்டில் மஞ்சள் நிலா

வாசலிலேயே செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். இது ஆய்வகம், கால்விரல் தெரியாத ஷூ இங்கே கட்டாயம். வெள்ளை அங்கி, கையுறை எல்லாம் ஆயிற்றா? வாருங்கள், சென்-ஏ காத்திருக்கிறது.

சினிமாக்காரர் பெயர் மாதிரி இருக்கிறதோ? மரபணுவின் பெயர்தான்! செல்லுலோமோனாஸ் ஃபிமி என்ற மண் பாக்டீரியா, மக்கும் இலைதழையிலுள்ள செல்லுலோஸை நறுக்கித் தின்னக் கத்தரிக்கோல் வைத்திருக்கிறது. அந்தக் கத்தரிக்கான செய்முறைதான் சென்-ஏ. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 1980களில் இதைத் துருவித் துருவிப் படித்தார்கள். 2008-இல் எடின்பரோ மாணவர்கள் ஐஜெம் என்ற செயற்கை உயிரியல் போட்டிக்காக இதைப் ‘பயோபிரிக்’ ஆக்கினார்கள். செல்லுலோஸை ஸ்டார்ச்சாக மாற்றும் பாக்டீரியா ஒன்றைச் செய்ய அவர்களுக்கு ஆசை. வைக்கோலைச் சோறாக்கும் யோசனை, வேறென்ன!

பயோபிரிக் என்பது மரபணுச் செங்கல். எல்லாவற்றுக்கும் முனைகள் ஒரே அச்சு என்பதால் எதையும் எதோடும் ஒட்டலாம். ஆனால் முனையை வெட்டும் நொதிகள் தேடுகிற எழுத்துக்கோவை மரபணுவின் நடுவில் இருந்துவிடக் கூடாது. இருந்தால், புரதம் மாறாதபடி ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். புரூஃப் பார்ப்பவரே வேண்டுமென்று ஒரு பிழையை நுழைப்பது போல!

இதோ, செங்கற்கள் வந்திறங்கும் தட்டு. மொத்தம் 384 குழிகள். அடியில் டி.என்.ஏ. காய்ந்து கிடக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். 10 மைக்ரோலிட்டர் தண்ணீரை விடுங்கள்... சிவப்பு! டி.என்.ஏ.வின் நிறமல்ல, அடையாளத்துக்காகக் கிரெசால் ரெட் சாயம் கலந்து உலர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பை ஐஸில் கிடக்கும் ஈ.கோலை பாக்டீரியாவோடு சேர்த்து, 42 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முக்கி, மறுபடி ஐஸுக்குள். நமக்கென்றால் ஜன்னியே கண்டிருக்கும். ஈ.கோலையில் சில செல்கள் மட்டும் டி.என்.ஏ.வை விழுங்கிவிட்டுச் சமத்தாக வளர்கின்றன.

அவை செய்யும் நொதியின் அழகைக் கேளுங்கள். முன்பக்கம் செல்லுலோஸைப் பற்றிக்கொள்ளும் கொக்கி, பின்பக்கம் வெட்டும் பகுதி. இரண்டையும் இணைக்கும் கயிற்றில் 23 அமினோ அமிலங்கள். புரோலின், திரியோனின் தவிர மூன்றாவது ஆளே கிடையாது! அதே பாக்டீரியாவில் செக்ஸ் என்றொரு நொதியும் உண்டு (சிரிக்காதீர்கள், உச்சரிப்பு அப்படி). அதற்குக் கொக்கி வால் பக்கம். சென்-ஏ சங்கிலியை நடுவில் நறுக்கும்; மற்றது நுனியிலிருந்து இரண்டிரண்டு சர்க்கரையாகக் கழற்றும். அந்த ஜோடியைக் குளுக்கோஸாகப் பிரிக்க இன்னொரு நொதி வேண்டும். தனியாள் வேலை இல்லை இது.

சரி, வந்த காரியத்தைப் பார்ப்போம். இந்தத் தட்டின் அகரில் கரையக்கூடிய செல்லுலோஸ் கலந்திருக்கிறது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்களே, அந்த சி.எம்.சி.தான். முந்தாநாள் வைத்த காலனிகள் சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன. ஈ.கோலைக்கு நொதியை வெளியே துப்பத் தெரியாது. கசிந்தது போதும் நமக்கு. காலனிகளைக் கழுவித் தள்ளிவிட்டுக் காங்கோ ரெட் சாயத்தை ஊற்றுகிறோம். கால்மணி நேரம் பொறுங்கள்.

இந்தச் சாயத்துக்கும் ஒரு கதை உண்டு. கடுக்காயோ படிக்காரமோ போடாமல் நேராகவே பருத்தியில் ஏறியதால் 1880களில் ஜெர்மனியில் கொண்டாடப்பட்ட செயற்கைச் சாயம் இது. பருத்தி என்பது ஏறக்குறைய செல்லுலோஸேதான். நீண்ட செல்லுலோஸ் சங்கிலி கிடைத்தால் காங்கோ ரெட் விடாது. துண்டு துண்டானதில் ஒட்டாது. வேட்டிக்குச் சாயமேற்ற வந்தது இப்போது துப்பறிகிறது!

சாயத்தைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீரால் அலசுகிறோம். ஒருமுறை. இன்னொருமுறை. தட்டு முழுக்கக் குங்குமச் சிவப்பு. அதில்... பாருங்கள், பாருங்கள்! காலனி இருந்த இடத்தில் வெளிர்மஞ்சள் வட்டம். அங்கே ஒன்று, ஓரத்தில் இன்னொன்று. சென்-ஏ இல்லாத வெற்று டி.என்.ஏ. வாங்கிய காலனி இருந்த இடத்தில் சிவப்பு அசையவே இல்லை. மண் பாக்டீரியாவின் செய்முறையை ஈ.கோலை பிசகாமல் சமைத்திருக்கிறது!

செல்போனை எடுக்குமுன் கையுறையைக் கழற்றுங்கள், ஐயா. அப்புறம் ஒரு கேள்வி: காலனிகளைக் கழுவுவதற்கு முன் நகல் தட்டு எடுத்து வைத்தோம், இல்லையா?