குளிர்நீர்க் குழாயில் காற்றை எங்கே பிடிப்பது?

மேல்மாடியில் ஏசி சரியாகக் குளிரவில்லை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குடுகுடுவென்று சத்தம் கேட்கிறது என்றால், நீரைக் குளிர்விக்கும் சில்லரைக் குறை சொல்லும் முன் குழாய்க்குள் காற்று தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய கட்டடங்களில் சில்லரிலிருந்து நீர் சுமார் 7 டிகிரியில் மாடிகளுக்குப் போய், 12 டிகிரியில் திரும்புகிறது. அதில் கலந்த காற்று ஏசியின் காயிலில் அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். ஆக்சிஜன் இரும்புக் குழாயை அரிக்கும். இந்தக் காற்றைப் பிரித்தெடுக்கும் ஏர் செபரேட்டரைத் திரும்பி வரும் குழாயில், பம்ப்புக்கு முன்னால் வைப்பதுதான் வழக்கம். சூடு கூடக் கூட நீரில் காற்று குறைவாகவே கரையும் என்பதால் இது நியாயமான வழக்கம். ஆனால் உயரமான கட்டடத்தில் இது மட்டும் போதாது.

அங்கே அழுத்தம்தான் முக்கியம். அழுத்தம் ஏற ஏற நீரில் வாயு அதிகம் கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி காட்டினார்; சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழ் பொங்குவது இதனால்தான். 7 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் இடையே, கரையும் காற்றின் அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மாறும். அழுத்தமோ ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 1 பார் மாறும். உச்சியில் அரை பார் மிகையழுத்தம் இருக்கும் 60 மீட்டர் கட்டடத்தில், அடித்தளத்து நீர் உச்சியில் உள்ளதைப் போல ஐந்து மடங்கு காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நீர் நிரப்பும்போது வரும் பெரிய குமிழ்களை அடித்தளத்துச் செபரேட்டர் பிடிக்கும். கரைந்த காற்று தப்பிவிடும். அது மேலே போய்க் குமிழாகும், கீழே வந்து மறுபடி கரையும். சில்லரும் பம்ப்பும் மொட்டைமாடியில் இருந்தால் வழக்கமான இடமே நல்ல இடம். அடித்தளத்தில் இருந்தால் மேல்மாடியின் திரும்புகுழாயில்தான் செபரேட்டர் வேண்டும். அங்கே இடமில்லை, எடை தாங்காது என்பது உண்மையான சிக்கல்; அப்போது பிளான்ட் அறையிலேயே, அழுத்தத்தைக் குறைத்துக் கரைந்த காற்றைப் பிரிக்கும் வெற்றிட டீகேஸரை வைக்கலாம். நான்கு மாடிக் கட்டடத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

உச்சியில் ஆட்டோமேட்டிக் ஏர் வென்ட் இருக்கிறதே, போதாதா? நின்ற நீரில் போதும். நொடிக்கு 0.6 மீட்டருக்கு மேல் ஓடும் நீர் குமிழ்களை வென்ட்டின் வாயைத் தாண்டி இழுத்துச் சென்றுவிடும். மூடிய சுற்றுதானே, ஒருமுறை எடுத்தால் தீராதா என்றால், கசிவை ஈடுகட்டச் சேர்க்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் புதுக் காற்றோடுதான் வருகிறது. நீர் விரிந்து சுருங்க இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கைப் பம்ப்பின் வெளியேறும் பக்கம் இணைத்திருந்தால் இன்னும் மோசம்: பம்ப் ஓடும்போது உச்சியில் அழுத்தம் வளிமண்டலத்துக்கும் கீழே இறங்கலாம், காற்றை வெளியேற்ற வேண்டிய வென்ட்டே அதை உள்ளே உறிஞ்சும். டேங்க் பம்ப்பின் உறிஞ்சு பக்கம் இருக்க வேண்டும். ஆகவே செபரேட்டருக்குச் செலவழிக்கும் முன், பம்ப்பை ஓடவிட்டு மேல்மாடிக் குழாயில் கேஜ் வைத்து அழுத்தத்தைப் பார்ப்பதே முதல் வேலை.