சிபேப் மாஸ்க் தொந்தரவா இருக்கா? கழற்றி வைக்கும் முன் இதைப் படிங்க!

"இதை மாட்டிக்கிட்டு மனுஷன் தூங்க முடியுமா?" - சிபேப் மெஷின் வாங்கிய முதல் வாரத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. சிலர் அதோடு மெஷினை பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஆனால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியா சும்மா விடாது. உயர் ரத்த அழுத்தம், வண்டி ஓட்டும்போது கண் அசருவது என ஆபத்துகள் தொடரும்.

1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிகிச்சை இது. சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அவஸ்தைக்குக் காரணம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய சின்ன விஷயங்கள்தான்.

* பயமா இருக்கா? பகலில் டி.வி பார்க்கும்போது கொஞ்ச நேரம் மாட்டிப் பழகுங்க.

* காற்று வேகமா வருதா? 'ராம்ப்' வசதியை ஆன் பண்ணுங்க. குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெள்ளக் கூடும்.

* காற்று கசியுதா? உடனே பட்டையை இறுக்காதீங்க, மூக்குத்தண்டில் புண்தான் மிஞ்சும். மெஷின் ஓடும்போதே, படுத்தபடி மாஸ்க்கைச் சரிசெய்யுங்க. அப்பவும் கசிந்தால் அளவு தப்பா இருக்கலாம், மாற்றிப் பாருங்க.

* வாய், தொண்டை வறண்டுபோகுதா? ஹியூமிடிஃபையரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பயன்படுத்துங்க. வாய் திறந்து தூங்குபவர்களுக்கு மூக்கு, வாய் இரண்டையும் மூடும் மாஸ்க் உதவும்.

* முகத்தில் அரிப்பா? மாஸ்க்கின் குஷனைத் தினமும் மைல்டு சோப்பால் கழுவுங்க.

காற்றழுத்த அளவை மட்டும் நீங்களா மாற்றாதீங்க, டாக்டரிடம் கேளுங்க. நடுராத்திரி தன்னையறியாமல் கழற்றிப் போட்டாலும் பரவாயில்லை. விழிப்பு வந்ததும் மறுபடி மாட்டிக்கிட்டுத் தூங்குங்க. அப்படித்தான் பழகும்!