தலைகீழாய் நின்ற எண்பது பெண்கள்

"நீ தலைகீழா நின்னாலும் நடக்காது!" என்று நம் வீடுகளில் பெண் பிள்ளைகளிடம் சொல்வது சகஜம். ஆனால் 2022ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 80 பெண்கள் நடு ஆகாயத்தில் தலைகீழாய் நின்று, கையைக் கோத்து உலக சாதனையே செய்துவிட்டார்கள், தோழிகளே! 2013ல் அதே மாநிலத்தில் 63 பெண்கள் செய்த சாதனைதான் இப்படி வளர்ந்திருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் இந்த வீடியோவை செல்போனில் காட்டியதும், "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" என்றார் என் மாமியார். மகளோ, "இவங்க அம்மாங்க எல்லாம் எப்படிம்மா விட்டாங்க?" என்று கேட்டாள். எனக்கு வேறு கேள்வி. இதை எப்படித்தான் கத்துக்கிட்டாங்க? அவள் தேடிக் கொடுக்கக் கொடுக்க, சமையல் முடிந்த மத்தியான வேளைகளில் உட்கார்ந்து படித்தேன்.

விமானத்திலிருந்து குதித்து, பாராசூட் விரிப்பதற்கு முன் பலவிதமாக உடம்பைத் திருப்பிப் பறப்பதை 'ஃப்ரீ ஃப்ளை' என்கிறார்கள். அதில் தலை கீழேயும் கால் மேலேயும் இருந்தால் 'ஹெட் டவுன்'. குப்புறப் படுத்தவாக்கில் விழுந்தால் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகம். தலைகீழாக விழுந்தால் அது 250ஐத் தாண்டிவிடும். 13,000 அடி உயரத்தில் குதித்தாலும் கையில் கிடைப்பது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அடுப்பில் ஊற்றின ஊத்தப்பம் ஒரு பக்கம் வேகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்!

அதனால்தான் முதல் பயிற்சி ஆகாயத்தில் நடப்பதில்லை. 'விண்ட் டன்னல்' என்று ஒரு கூடம். ராட்சத மின்விசிறிகளின் பலத்தில் காற்று கீழிருந்து மேலே அடிக்கும். சுற்றிலும் உள்ளே தெரிகிற சுவர், காலுக்குக் கீழே தரைக்குப் பதில் வலை. இதில் பத்து நிமிஷம் பழகினால் பத்துத் தடவைக்கு மேல் குதித்த பழக்கம் வந்துவிடும்.

அங்கேயும் எடுத்த எடுப்பில் தலைகீழாக விடுவதில்லை. நம் வீட்டுக் குழந்தை குப்புற விழுந்து, உட்கார்ந்து, பிறகுதானே நடக்கிறது? அதே மாதிரிதான். முதலில் குப்புற, அப்புறம் மல்லாக்க, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடுமாறாமல் மாறவும் பழக வேண்டும். அதன் பிறகே தலைகீழ்ப் பாடம்.

அந்தப் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது என்ன தெரியுமா? பேலன்ஸ் போனால் எப்படிப் பத்திரமாக வெளியே வருவது என்பதைத்தான்! அது கை வந்த பிறகு, காற்றைக் குறைத்து வைத்து, வலைமேலேயே தலைகீழாக நிற்க வைத்து, பயிற்சியாளர் உடம்பைப் பிடித்துக்கொள்கிறார். சில விநாடி கையை எடுப்பார், மறுபடி பிடிப்பார். ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் வைப்பது ஒரு நிலை, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரிப்பது இன்னொரு நிலை. காலில் காற்று பட்டால்தான் உடம்பு ஆடாமல் நிற்கும். கண் தரையைப் பார்க்கக் கூடாது, நேர் எதிரே பார்க்க வேண்டும். சிரசாசனம் மாதிரி இருந்தாலும் பறக்கும்போது கழுத்தில் பாரமே இல்லையாம். காற்றுதான் உடம்பு முழுவதையும் தாங்குகிறது.

இப்படி நிற்க வந்த பிறகு, ஒரே இடத்தில் மெல்லச் சுற்றுவது, கொஞ்சம் ஏறுவது, கொஞ்சம் இறங்குவது, முன்னே பின்னே நகர்வது என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். கடைசியில் பயிற்சியாளருக்கு எதிரே அதே உயரத்தில் நின்று கையைத் தொட வேண்டும். இழுக்கக் கூடாது, தொட மட்டும்தான்.

ஆகாயத்துக்குப் போனால் அடுத்தவர் உயிரும் நம் கையில். தலைகீழாக விழுபவர் தடுமாறிக் குப்புறத் திரும்பினால் வேகம் சட்டென்று குறைந்துவிடும். மேலே அதே வேகத்தில் வருபவர் வந்து மோதினால் என்ன ஆகும்! புதிதாகப் பழகுபவர் நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டே, தனக்குத் தெரியாமல் பக்கவாட்டில் நகர்ந்து போவதும் உண்டு. அதனால் விமானம் போகும் பாதைக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கச் சொல்கிறார்கள். அப்போது நகர்ந்தாலும் முன்னே பின்னே குதித்தவர்கள் பக்கம் போக மாட்டார். காதருகே உயரத்தை எச்சரிக்கும் கருவி 'பீப்' என்றதும் விளையாட்டை நிறுத்தி, மற்றவர்களிடமிருந்து விலகி, குப்புறத் திரும்பி, வேகம் குறைந்த பிறகே பாராசூட்டை விரிக்க வேண்டும். அந்த வேகத்தில் பாராசூட் தானாக விரிந்தால் உடம்பு தாங்காது. அதனால் குதிப்பதற்கு முன் பின், வார், மடிப்பு எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்வார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. அந்த 80 பேரும் அசட்டுத் துணிச்சலில் குதித்தவர்கள் இல்லை. விழுவதையே முறையாகப் படித்தவர்கள்.

என் மகள் கொஞ்ச நாளாக சிலம்பம் சேரணும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?" என்று வீட்டில் எதிர்ப்பு. நான் நேரே ஆசானிடம் போய் மூன்று கேள்வி கேட்டேன். "முதல்ல என்ன சொல்லிக் கொடுப்பீங்க? அடி விழற மாதிரி வந்தா எப்படி விலகணும்னு எப்ப சொல்லுவீங்க? பிள்ளைங்க ஆடும்போது பக்கத்துல யார் நிப்பாங்க?" முதல் மாதம் கம்பையே தர மாட்டாராம். கால் வைக்கும் முறையும் விலகும் முறையும்தானாம். கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. மாமியாரிடமும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இப்போது சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதே அவர்தான்!

நீச்சலோ, சைக்கிளோ, சிலம்பமோ, உங்கள் பெண் ஆசையாகக் கேட்டால் எடுத்தவுடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லித் தருபவரிடம் போய் இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் தாராளமாக மறுத்துவிடுங்கள். வந்தால், தைரியமாக அனுப்பி வையுங்கள். என்ன, நான் சொல்வது சரிதானே தோழிகளே?

— இல்லத்தரசி ஒருவர், விருதுநகர்