பிரின்ஸ் ஹாலும் திருமறையும்

பாஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் முதல் ஃப்ரீமேசன் சகோதர சங்கத்தைத் தோற்றுவித்த பிரின்ஸ் ஹால் 1807இல் மறைந்தார். அடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரி 1777இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு விண்ணப்பித்தோருள் அவரும் ஒருவர். 1788 பெப்ரவரியில் கறுப்பர் மூவர் கடத்தப்பட்டபோது மீண்டும் விண்ணப்பித்தார். அடுத்த மாதமே அம்மாநிலம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது.

இப்போராட்டத்திற்குத் திருமறையும் அவருக்குத் துணைநின்றது. 1797ஆம் ஆண்டு தம் சங்கத்தாருக்கு ஆற்றிய உரையில், பாஸ்டன் தெருக்களில் அவர்கள் நாள்தோறும் பட்ட அவமதிப்பை எடுத்துரைத்தார். மோசேக்கு ஆலோசனை நல்கிய எத்திரோவை எத்தியோப்பியர் எனச் சுட்டினார்; எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் உடன் அமர பிலிப்பு வெட்கப்படவில்லை என்பதையும் நினைவூட்டினார்.

எத்திரோ மீதியானியராயிற்றே என நாம் திருத்தலாம். ஆயினும், தாழ்த்தப்பட்டோரிடம் கற்கவும் அவர்களோடு அமரவும் மனமற்ற திருச்சபையை அப்பகுதிகள் இன்றும் கடிந்துகொள்கின்றன அல்லவா?