வெள்ளைக்கழிச்சலா, பறவைக்காய்ச்சலா?

2006ஆம் ஆண்டு தொடக்கத்தில், மகாராஷ்டிரத்தில் குஜராத் எல்லையை ஒட்டியுள்ள நவாபூரில் பண்ணைக் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. பண்ணைக்காரர்கள் பலரும் 'ராணிக்கெட்தான்' என்றார்கள். அது வருடாவருடம் வந்துபோகிற நோய் என்பதால் அந்தப் பேச்சு எடுபட்டது. மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போயின. பிப்ரவரி 18 அன்று முடிவு வெளியானது: எச்5என்1 பறவைக்காய்ச்சல். இந்தியக் கோழிப் பண்ணைகளில் அந்த நோய் உறுதியானது அதுவே முதல் முறை. அதன்பின் லட்சக்கணக்கில் கோழிகள் அழிக்கப்பட்டன.

பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட் நோயும், வீரியமிக்க பறவைக்காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோழி இரை எடுக்காது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தூங்கி வழியும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். கொண்டையும் தாடியும் கறுத்து நீலம் பாய்ந்தால் பறவைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கலாம், முடிவு கட்ட முடியாது. தடுப்பூசி போடாத கூட்டமாக இருந்தால், இரண்டு நோயுமே சில நாட்களில் கூண்டைக் காலி செய்துவிடும்.

கழிச்சலின் நிறத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. ரத்தக்கழிச்சல் குடலில் வளரும் ஒட்டுண்ணியால் வருவது. பச்சைக்கழிச்சல் பாக்டீரியாவாலும் வரும், வைரஸாலும் வரும், பட்டினியாலும் வரும்.

அதனால் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது செத்த கோழியைத்தான். சில மணி நேரத்துக்கு முன்பு செத்த கோழியாக இருந்தால் நல்லது. அழுகிப்போனால் தடயங்கள் கலைந்துவிடும். இறகிலிருந்து தூசி பறந்து மூக்கில் ஏறாமல் இருக்க, கிருமிநாசினி நீரில் கோழியை நனைத்த பிறகே அறுப்பார்கள். கத்தி வைத்ததும் பார்க்கப்படும் இடம் சுரப்பி இரைப்பை, அதாவது தானியத்தை அரைக்கும் பைக்கு முன்னால் உள்ள சிறு பை. அதன் உட்சுவரிலுள்ள சுரப்பி முனைகளில் குண்டூசியால் குத்தியதுபோல் ரத்தப்புள்ளிகள் இருந்தால் ராணிக்கெட் நினைவுக்கு வரும். தொடைச் சதையில் ரத்தக்கட்டும் ஆசனவாய்க்கு மேலிருக்கும் பர்சா என்ற உறுப்பில் வீக்கமும் தெரிந்தால் கம்போரோ நோய். தொடை நரம்பு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் மேரக்ஸ் நோய். கல்லீரல் வெண்கல நிறத்தில் இருந்தால் கோழி டைபாய்டு.

ஆனால் சுரப்பி இரைப்பையின் அந்த ரத்தப்புள்ளிகள் பறவைக்காய்ச்சலிலும் வரும்! கத்தியின் வேலை அங்கே முடிந்து, ஆய்வகத்தின் வேலை தொடங்குகிறது.

மூச்சுக்குழலிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரியை, நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த திரவத்தில் போட்டு, பனிக்கட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். ஆய்வகம் அந்த வைரஸை வளர்ப்பது கோழி முட்டைக்குள்ளேயே. ஒன்பது முதல் பதினொரு நாள் வரை கரு வளர்ந்த முட்டையை இருட்டில் விளக்கின் முன் பிடித்து, ரத்தநாளம் இல்லாத இடத்தைக் குறித்துக்கொண்டு ஊசி போடுகிறார்கள். வைரஸ் இருந்தால் கருவைச் சூழ்ந்த திரவத்தில் பெருகும்.

அந்தத் திரவத்தைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலப்பதுதான் அடுத்த படி. 1941இல் அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் ஹர்ஸ்ட், இன்புளுயன்சா வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதைக் கண்டார். இன்புளுயன்சாவின் ஒரு வகையான பறவைக்காய்ச்சல் வைரஸுக்கும், ராணிக்கெட் வைரஸுக்கும் அந்தக் குணம் உண்டு. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிச் சிவப்புப் பொத்தானாகத் திரளும், தட்டைச் சாய்த்தால் கோடாக வழியும். வைரஸ் உள்ள குழியில் அவை ஒட்டிக்கொண்டு குழி முழுவதும் பரவி நிற்கும். அடுத்து, அதே திரவத்தோடு ராணிக்கெட்டுக்கு எதிரான சீரத்தை முதலில் கலந்து, அதன் பிறகு சிவப்பணுக்களைச் சேர்க்கிறார்கள். ஒட்டுதல் நடக்காமல் பொத்தான் தோன்றினால், அது ராணிக்கெட் வைரஸ் என்று தெரிந்துவிடும். தோன்றாவிட்டால் இன்புளுயன்சாவுக்கு எதிரான சீரங்களை வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் படித்துவிடக்கூடிய, அதிகச் செலவில்லாத இந்தச் சோதனை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆய்வகங்களில் நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

முட்டையில் வளர்த்துப் பார்க்க நாட்கள் பிடிக்கும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை அதைச் சில மணி நேரமாகக் குறைத்திருக்கிறது. ஆனாலும் ராணிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. லசோட்டா போன்ற தடுப்பூசிகளில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ். அண்மையில் தடுப்பூசி போட்ட கோழியில் பிசிஆர் 'வைரஸ் இருக்கிறது' என்று காட்டினால், அது தடுப்பூசி வைரஸாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது வைரஸின் மேற்புறத்தில் உள்ள எஃப் என்ற புரதம். அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். வீரியமற்ற வகையை வெட்டும் நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே உள்ளன. கொல்லும் வகையின் வெட்டுமிடத்தில் ஆர்ஜினின், லைசின் போன்ற அமினோ அமிலங்கள் குவிந்திருப்பதால், உடலின் எல்லாத் திசுக்களிலும் உள்ள நொதிகள் அதை வெட்டிவிடும். மூளைவரை நோய் பரவுவது அதனால்தான். மரபணுவில் அந்தச் சிறு பகுதியைப் படித்தாலே போதும், லசோட்டா போன்ற தடுப்பூசி வைரஸா, கொல்லும் வகையா என்று தெரிந்துவிடும்.

பெரும் முட்டைப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்குள்ள பண்ணைகளில் ரத்தம் எடுத்து எதிர்ப்பாற்றலை அளந்து, அடுத்த தடுப்பூசி நாளைக் குறிப்பது வழக்கமான வேலை. ஆய்வகம் இல்லாத ஊரில் வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்ப்பவரின் நிலை வேறு. சீக்குக் கோழியை அவர் அவசரமாக விற்றுவிடுகிறார், இல்லையென்றால் கிடைத்த மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறார். விற்ற கோழியோடு நோயும் சந்தைக்குப் போகிறது. வைரஸுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. நோய் பாக்டீரியாவால் வந்திருந்தாலோ, அரைகுறை மருந்து பட்ட மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்தெடுப்பது கடினம்.

கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், சமைக்காதீர்கள், ஆற்றிலோ குப்பைமேட்டிலோ வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் இரட்டை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் திசு உறைந்து கெடும். பறவைக்காய்ச்சலும் ராணிக்கெட்டும் 2009ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதியையும், முதல் கோழி செத்த நாளையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆய்வக முடிவைப் படிக்கும் மருத்துவருக்கு அந்த இரண்டு தேதிகளும் கட்டாயம் தேவை.