கொடிமரமும் பனைமரமும்

அமெரிக்கப் பொன் நாணயங்களைச் சேகரிக்கும் அன்பர் ஒருவர், 1907-ஆம் ஆண்டில் செயின்ட்-காடன்ஸ் என்னும் சிற்பியார் இருபது டாலர் காசில் அமைத்த சுதந்திர தேவியின் உருவத்துக்குத் தூண்டுதல் யாது என வினவி எழுதியிருந்தார். பண்டைக் கிரேக்க நாணயங்களின் உயர்ந்த புடைப்பில் மனம் பறிகொடுத்த ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் அத்தகைய காசு தம் தேசத்துக்கும் வேண்டுமென அச்சிற்பியாரைத் தூண்டினார் என்பது அதற்கு விடை. ஆயினும், காக்கநாட்டில் வசிக்கும் எனக்கு அக்கடிதத்தைப் படித்ததும், மலையாளக் கரையில் ‘ஆமாட’ என வழங்கிய வெனிஸ் நகரத்துப் பொற்காசே நினைவுக்கு வந்தது.

1284-இல் விதிக்கப்பெற்று, 1797-இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனுக்குப் பணியும் வரை, மூன்றரைக் கிராம் எடையும் ஏறத்தாழக் கலப்பற்ற மாற்றும் குன்றாது வெளிவந்த அக்காசு, மிளகு வாணிகத்தின் வழியே நம் துறைகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு புறத்தில், நட்சத்திரங்கள் நிறைந்த நீள்வட்டத்துள் இயேசுநாதர்; மறு புறத்தில், மாற்கு முனிவரின் முன் மண்டியிட்டுக் கொடிமரத்தை ஏற்கும் வெனிஸ் அதிபதி. இக்கொடியேந்தும் அமைப்பும் வெனிஸுக்குச் சொந்தக் கற்பனையன்று. பைசாந்தியப் பேரரசின் காசுகளைப் பார்த்து வெனிஸார் முன்னரே தம் வெள்ளிக்காசில் பொறித்த வடிவத்தின் வழிவந்ததே.

என் உள்ளத்தை ஆட்கொண்ட விந்தை இனித்தான் வருகிறது. மாற்கு முனிவரையும் அறியாத, அதிபதியையும் அறியாத தமிழ் மக்களின் கண்ணுக்கு, நடுவே நெட்டென நின்ற கொடிமரம் பனையாகவும், அதன் அடியிலிருந்த அதிபதி பனையேறுபவராகவும் தோன்றவே, பனையேறுவோரைக் குறித்த அக்காலத்து வழக்கின்படி அதற்குச் ‘சாணார்க்காசு’ என்று பெயரிட்டுவிட்டனர். நம் பொற்கொல்லர்களோ, மாலையில் கோப்பதற்காக அதைப் போன்றே புதிய காசுகளை அடித்தபோது, லத்தீன் எழுத்துக்களை வெறும் கோடுகளாக்கினர். பொருளறியாச் சிறுவனாக நான் பாட்டனாரின் கிரந்த ஏட்டைப் பார்த்து எழுதிய பக்கங்களும் அவ்வாறே இருந்தன. வளைவுகள் இருந்தன, வாசகம் இல்லை. ஆயினும் அக்காசுகளின் கோடுகளில் ஒரு கைவினைஞனின் கண்ணும் கையும் தெரிகின்றனவே! அவற்றைப் போலி என இகழ்வது என் மனத்துக்கு ஒவ்வாது.

பழைய நகையை மாற்றப் போகும் இடங்களில் உரைகல்லுக்கும் தராசுக்கும் உள்ள மதிப்பு உருவத்துக்கு இல்லை. என் உறவினர் ஒருவரின் பாட்டியார் அணிந்த காசுமாலை, ஒருவரும் ஒருமுறைகூட உற்று நோக்காமல், ஒரே பிற்பகலில் உருகி வளையல்களாயிற்று. அதை நினைக்குந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது.

ஆதலின், அமெரிக்கக் காசுக்குப் பெரும்பொருள் செலவிடும் அன்பர், முதலில் தம் வீட்டுப் பெட்டியிலுள்ள காசுமாலையைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்ப்பாராக. கொடிமரத்தை ஒட்டி மேலிருந்து கீழாக, அதிபதி எனப் பொருள்படும் ‘டக்ஸ்’ என்னும் மூன்று லத்தீன் எழுத்துக்கள் தெளிவாக வாசிக்கக் கிடைக்கின்றனவா, அல்லது வெறுங்கோடுகளாக நிற்கின்றனவா என்பதை எனக்கு எழுதவேண்டுகிறேன்.